அறிவொளியில் பெயர் எழுதிய அப்பத்தா மறுபடி கைநாட்டு வைக்கிறார்: எங்கே தவறவிட்டோம்?

கீரனூர்க்காரி
ஜூன் 8, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டம், கீரனூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பத்து நாளாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே வைக்கிறேன்.

முதியோர் உதவித்தொகைக்காக அப்பத்தாவை வங்கிக்கு அழைத்துப் போயிருந்தேன். படிவத்தைக் கொடுத்ததும் அவர் பேனாவைத் தேடவில்லை. மைப்பெட்டியைத் தேடினார். எனக்குச் சுரீர் என்றது. இவர் 1991-ல், பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கத்தின் எங்கள் ஊர் வகுப்பில் படித்தவர். அப்போது வயது முப்பத்தொன்பது. பகலெல்லாம் களை எடுத்துவிட்டு இரவு எட்டு மணிக்குக் கோயில் திண்ணையில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் சிலேட்டைப் பிடித்தவர். தன் பெயர், தாத்தா பெயர், ஊர்ப் பெயர் மூன்றையும் எழுதுவாராம். அந்தச் சிலேட்டு இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. அதே காலத்தில் சைக்கிளும் கற்றார். அறுபத்தைந்து வயது வரைக்கும் கீரனூர்ச் சந்தைக்குச் சைக்கிளில்தான் போய்வந்தார்.

சைக்கிள் மறக்கவில்லை, எழுத்து மறந்துவிட்டது. ஏன் என்று கேட்டேன். "சைக்கிளுக்குத் தினமும் போக இடம் இருந்தது. எழுத்துக்கு எங்கே போக வேண்டியிருந்தது?" என்றார்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் ஊருக்குள்ளேயே பாடம் சொல்லித்தரும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் 2021 கடைசியில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, மாலை ஐந்து முதல் ஏழு வரை வகுப்பு. இப்போது அந்தத் தொகை இல்லை, ஆனாலும் பிள்ளைகள் வருகிறார்கள். பதின்மூன்று பேர். அவர்களில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ஒரு வரியைக்கூட எழுத்துக்கூட்டி வாசிக்க முடியவில்லை. போன மாதம் நூறு நாள் வேலை முடிந்து வந்த நான்கு பெண்கள் வாசலில் நின்று, எங்களுக்கும் சொல்லிக்கொடுப்பாயா என்று கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் அப்பத்தாவின் பெருவிரல் கண்முன் நிற்கிறது. மறந்து போவதற்காகவா கற்பிப்பது? தாயையும் பிள்ளையையும் ஒரே பாயில் உட்காரவைக்கலாமா? எதிலிருந்து தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய தொண்டர்
ஜூன் 9, காலை 6.05

அம்மா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். நானும் அதே மாவட்டத்தில், அதே 1991-ல், ஆலங்குடிப் பக்கம் ஒரு வகுப்பு நடத்தியவன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, வேலை இல்லை. உங்கள் அப்பத்தாவுக்குக் கற்பித்தவர் யாரோ, அவரும் என்னைப்போல ஒருவராகத்தான் இருந்திருப்பார். அதனால் பதில் சொல்லும் கடமை எனக்கும் உண்டு.

கணக்கு இப்படித்தான் இருந்தது: ஒரு தொண்டருக்குப் பத்துப் பேர். மூன்று புத்தகங்கள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இருநூறு மணி நேரம். கூலி கிடையாது. அதற்கு முன்பே கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் நாடகமும் போட்டு மக்களைத் திரட்டியிருந்தன. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதை எழுத்தறிவோடு சேர்த்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது எங்களுக்கே புரியவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பது அதில் ஒரு வசதி.

//எழுத்துக்கு எங்கே போக வேண்டியிருந்தது?//

இந்த ஒரு கேள்விக்கு முப்பது ஆண்டுகளாக நானும் பதில் தேடுகிறேன். 1992-ல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். நாங்கள் கைதட்டினோம். தொண்டர்கள் வேலை தேடிப் போனோம், நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டேன். வகுப்பில் படித்த பத்துப் பேரில் எழுவர் தட்டுத் தடுமாறி ஒரு பத்தி படிக்கும் நிலையில் இருந்தார்கள். அந்த நிலை பச்சை மண் மாதிரி, சுடாவிட்டால் கரைந்துவிடும். பிறகு, புதிதாகக் கற்றவர்கள் தொடர்ந்து படிப்பதற்கான வளர்கல்வி மையங்கள் வந்தன. வந்த இடங்களில் எல்லாம் அவை அன்றாடம் திறந்தன என்று என்னால் சொல்ல முடியாது. என் பங்குத் தவறையும் சொல்லிவிடுகிறேன். தன் பெயரை எழுதிக்காட்டியவர்களை எல்லாம் தேறியவர்கள் பட்டியலில் சேர்த்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானே ஆசைப்பட்டுச் சேர்த்தேன்.

எழுத்து மறக்காமல் போனவர்களையும் பார்த்தேன். எங்கள் மாவட்டத்தில் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். அந்தக் குழுக்களில் லோடு கணக்கு எழுதும் பொறுப்பு ஒருத்திக்கு வந்துவிட்டால் அவளுக்கு எழுத்து மறக்கவே மறக்காது. வண்டி எண், யூனிட், தேதி, பாக்கி. ஒரு எழுத்தைத் தப்பாக எழுதினால் பணம் போகும் அல்லவா?

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். அ, ஆ வேண்டாம். நாற்பது வயதுக் கை களைக்கொட்டு பிடித்த கை. அதற்கு 'அ' போலச் சுழிக்கும் எழுத்து வராது, முதல் நாளே மனம் உடைந்துவிடும். ட, ப, ம, ய என்று கோடு கோடாக வரும் எழுத்துகளில் தொடங்குங்கள். என் வகுப்பில் முதல் முழுச் சொல் 'பட்டா'. அதை எழுதிய இரவில் ஒரு பாட்டி சிலேட்டைக் கீழே வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் மருமகளிடம் காட்டினார்.


கணக்குப் பார்க்கிறவன்
ஜூன் 9, பகல் 1.45

இருவர் பதிவும் உருக்கமாக இருக்கின்றன. ஆனால் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும். யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை.

கீரனூர்ச் சகோதரிக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கே கொடுங்கள் என்பேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. பெண்களிடம் இருக்கும் அந்த இடைவெளியின் பெரும்பகுதி நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இருக்கிறது. பள்ளிக்கூடம் ஒழுங்காக நடந்தால் அடுத்த தலைமுறையில் அது தானாக மூடிவிடும். ஒழுங்காக நடக்கிறதா என்பதுதான் கேள்வி. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சோதித்துப் பார்க்கும் பிரதம் என்ற தொண்டு அமைப்பின் 2024 அசர் அறிக்கைப்படி, கிராமப்புற இந்தியாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு 27 பேர். தீப்பிடித்திருப்பது அங்கே. தண்ணீரை அங்கே ஊற்ற வேண்டாமா?

தாய் படித்தால் பிள்ளை படிக்கும் என்பார்கள். ராஜஸ்தானிலும் பீகாரிலும் 480 ஊர்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தாய்மார்களுக்கு வகுப்பு நடத்தியதில் தாய்மார்கள் கொஞ்சம் கற்றார்கள். பிள்ளைகளின் படிப்பில் தெரிந்த முன்னேற்றம் மிகச் சிறியது. இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. கணக்கெடுப்பின் வரையறைப்படி ஏழு வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருந்தால்தான் எழுத்தறிவு பெற்றவர். கையெழுத்துப் போடுவது மட்டும் எழுத்தறிவு ஆகாது. அப்பத்தா மறந்துவிட்டார் என்பதைவிட, அவர் முழுதாகக் கற்கவே விடப்படவில்லை என்பதுதான் சரியாக இருக்கும்.


கீரனூர்க்காரி
ஜூன் 9, இரவு 8.50

//அவர் முழுதாகக் கற்கவே விடப்படவில்லை//

இது உண்மை. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வாசலில் வந்து கேட்டவர்களிடம், உங்கள் வயது கணக்கில் வராது, அடுத்த தலைமுறையில் சரியாகிவிடும் என்று நான் எப்படிச் சொல்வது? அவர்களில் ஒருவருக்கு முப்பத்திரண்டு வயதுதான். ஆறாம் வகுப்போடு நின்றவர்.


தர்மபுரி ஆசிரியை
ஜூன் 10, மாலை 5.30

நான் தொடக்கப் பள்ளியில் பதினேழு ஆண்டுகளாக இடைநிலை ஆசிரியை. எங்கள் மாவட்டம்தான் 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே கடைசி. அந்த ஐந்தாம் வகுப்புப் பையனைப் பற்றிப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் இந்த இழையில் எல்லோரும் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அவனுடைய நோட்டைப் பாருங்கள். கையெழுத்து அழகாக இருக்கும் என்று நினைக்கிறேன். கரும்பலகையில் இருப்பதைப் படம் வரைவதுபோல நகல் எடுப்பான். அந்த அழகை நம்பித்தான் ஐந்து ஆண்டுகள் எல்லோரும் ஏமாந்திருப்போம். பாடப் பக்கத்தைக் கொடுத்தால் படத்தைப் பார்த்து மனப்பாடமாக ஒப்பிப்பான். அவன் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுங்கள். அல்லது 'மடக', 'தபல' என்று பொருளே இல்லாத எழுத்துகளை எழுதிக்காட்டுங்கள். எங்கே நிற்கிறான் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெரும்பாலும் கொம்பில் நிற்பான். நம் எழுத்தில் உள்ள உண்மையான இடறு அதுதான். 'கா' என்பதில் கால் பின்னால் வருகிறது, ஒலியும் பின்னால் வருகிறது. 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' இரண்டு பக்கமும் கட்டிப்பிடிக்கிறது. 'கௌ' என்றால் பின்னால் நிற்பது ளகரமா என்று குழம்புகிறான். இதைத் தனியாக ஒரு வாரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும். மாறாக, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறையும் வரிசையாக ஒப்பிக்கவைத்தால் அவன் பாட்டாகப் பாடுவான், படிக்க மாட்டான். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், பிறகு குறிகள். கட்டுவது எப்படி என்று தெரிந்தால் மிச்சத்தை அவனே கட்டுவான்.

அடுத்தது ஒலி. 'கல்', 'அகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே க எழுதுகிறோம், மூன்று விதமாக ஒலிக்கிறோம். பெரியவர்களுக்கு இது தொல்லையே இல்லை. சொல் முன்பே வாயில் இருக்கிறது, பாதியிலேயே பிடித்துவிடுவார்கள். பிள்ளைக்கு அப்படி இல்லை. எங்கள் பகுதியில் பிள்ளை வீட்டில் 'வூடு' என்று சொல்லிவிட்டு வந்து புத்தகத்தில் 'வீடு' படிக்கிறது. எல்லையோரப் பிள்ளைகள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள். அவர்களுக்கு இது மூன்றாவது படி. அதனால் படிப்பதற்கு முன் நிறையக் கதை சொல்லுங்கள், நிறையக் கேளுங்கள். அவன் சொன்ன வாக்கியத்தை அவன் கண்முன் எழுதி, அதையே படிக்கச் சொல்லுங்கள். தன் வாயிலிருந்து வந்தது தாளில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது பிள்ளையின் முகம் மாறும். அதை நான் எத்தனை முறை பார்த்தாலும் போதவில்லை.

வகுப்புப்படி உட்காரவைக்காதீர்கள், நிலைப்படி உட்காரவையுங்கள். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தது இந்த எண்ணத்தில்தான். எண்ணம் மிக நல்லது. நடைமுறையில் பதிவேற்றமும் படிவமும் எங்கள் நேரத்தைத் தின்கின்றன, அதையும் சொல்லத்தான் வேண்டும். உங்கள் திண்ணையில் அந்தத் தொல்லை இல்லை. ஐந்தாம் வகுப்புப் பையனை இரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு உட்காரவைத்தால் கூசுவான். அவனுக்குத் தனியாகப் பத்து நிமிடம் முதலில் கொடுங்கள். பிறகு சின்னவர்களுக்குக் கதை படித்துக்காட்டும் வேலையைக் கொடுங்கள். முந்தின நாளே பழகிக்கொண்டு வருவான்.

கணக்குப் பார்க்கும் ஐயாவுக்கு: பிள்ளைகளே முதன்மை என்பதில் உங்களோடு இருக்கிறேன். ஆனால் என் வகுப்பில் முன்னேறும் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் இரவு "என்ன படித்தாய், காட்டு" என்று கேட்கிறார். எழுத்துத் தெரியாத தாய் அந்தக் கேள்வியைக் கேட்கவே தயங்குகிறாள். அதை எந்த ஆய்வு எப்படி அளந்தது என்று தெரியவில்லை, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.


திரைவரி
ஜூன் 12, காலை 10.10

சின்னத் துணுக்கு. அகமதாபாத் ஐ.ஐ.எம்.-இல் பேராசிரியராக இருந்த பிரிஜ் கோத்தாரி, தொலைக்காட்சிப் பாட்டுக்கு அதே மொழியில் வரிகளைத் திரையின் கீழே ஓடவிட்டால் அரைகுறையாகப் படித்தவர்கள் தாமாகவே படிக்கப் பழகுவார்கள் என்று சொன்னார். 1999-ல் குஜராத்தி தூர்தர்ஷனில் அது தொடங்கியது. உங்கள் ஊர்ப் பெண்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒப்பாரி, தாலாட்டு, நடவுப் பாட்டு வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாய்க்குத் தெரிந்ததைக் கண் தேடிப் பிடிக்கும்.


பாலக்காட்டு மருமகள்
ஜூன் 19, பகல் 12.20

இன்று இங்கே கேரளத்தில் வாசிப்பு நாள். பி.என். பணிக்கரின் நினைவு நாள். அதனால்தான் இன்றைக்கு எழுதத் தோன்றியது. அவர் 1945-ல் 47 நூலகங்களை ஒன்று சேர்த்துத் தொடங்கிய சங்கம்தான் இந்த மாநிலத்தின் நூலக இயக்கமாக வளர்ந்தது. நான் திண்டுக்கல்லில் பிறந்தவள். திருமணமாகி வந்த புதிதில் எனக்கு வியப்பாக இருந்தது எழுத்தறிவு விழுக்காடு அல்ல. கூலி வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அம்மா மாலையில் வாசகசாலைக்குப் போய் நாளிதழை விரித்து உட்கார்ந்ததுதான். போவதற்கு ஓர் இடம் இருந்தது. கீரனூர் அப்பத்தா கேட்டது அதைத்தானே?

எர்ணாகுளம் 1990 பிப்ரவரி 4 அன்று முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 18-ல் கோழிக்கோட்டில் மாநிலம் முழுவதற்குமான அறிவிப்பை மலப்புறத்தைச் சேர்ந்த, புதிதாக எழுதக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா செய்தார். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. எர்ணாகுளத்தில் வகுப்பு தொடங்கிய பிறகு பலர் வராமல் நின்றார்கள். ஏன் என்று பார்த்தால், புத்தகம் கண்ணுக்குத் தெரியவில்லை! வயலும் கடலும் பார்க்கிற கண்ணுக்கு வெள்ளெழுத்து (வயதானால் அருகில் இருப்பது மங்குவது) வந்தது வெளியே தெரிவதில்லை. எழுத்தைப் பார்க்கும்போதுதான் தெரியும். மக்களிடம் பழைய கண்ணாடிகளைக் கேட்டார்கள். இரண்டு மாதத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் வந்து குவிந்தன. யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்துக்கொடுக்கவும் தொண்டர்களைப் பழக்கினார்கள்.

அக்கா, உங்கள் அப்பத்தாவுக்கு எழுத்து மறந்துவிட்டதா, எழுத்து தெரியவில்லையா? முதலில் ஒரு கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள்.

வயதைப் பற்றியும் ஒரு சொல். ஆலப்புழையைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018-ல் தொண்ணூற்றாறு வயதில் மாநில எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினார். அடுத்த தலைமுறைக்காக அவர் காத்திருக்கவில்லை.


கணக்குப் பார்க்கிறவன்
ஜூன் 19, இரவு 7.15

கண்ணாடி விஷயம் எனக்குப் புதிது. நன்றி. ஆனால் கேரளத்தை எடுத்துக்காட்டும்போது, அங்கே பள்ளிக்கூடங்களும் நூலகங்களும் பல பத்தாண்டுகளாகக் கட்டிய அடித்தளத்தின்மேல் இயக்கம் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தனி மனுஷி ஒரு திண்ணையில் அதைத் திரும்பச் செய்ய முடியாது. அவர் களைத்துப்போய் நின்றுவிட்டால் பிள்ளைகளின் வகுப்பும் சேர்ந்து நின்றுவிடும். என் கவலை அதுதான்.


29 வயதில் கற்றவன்
ஜூன் 21, இரவு 11.40

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருப்பூரில் கட்டட வேலை செய்கிறேன். பள்ளிக்கு ஒரு வருடம் போனேன். பிறகு அம்மா அப்பாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டோம். இருபத்தொன்பது வயது வரைக்கும் எனக்கு எழுத்து கிடையாது. பஸ்ஸை எண்ணைப் பார்த்தும் நிறத்தைப் பார்த்தும் ஏறுவேன். யாராவது ஏதாவது தாளை நீட்டினால் "கண்ணாடி கொண்டு வரவில்லை" என்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. மேலே ஒருவர் கண்ணாடியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் இது நினைவுக்கு வந்து நெஞ்சை அடைத்தது.

மச்சானுக்கு ஒரு கடன் வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் கூட்டிப்போய்க் கையெழுத்துக் கேட்டார்கள். கையெழுத்து மட்டும் எனக்குப் போடத் தெரியும். போட்டேன். சாட்சிக் கையெழுத்து என்று நினைத்தேன். கடனே என் பெயரில் இருந்தது. இரண்டு வருடம் கட்டினேன். தாளில் எல்லாம் தமிழில்தான் எழுதியிருந்ததாம். அதைத்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அந்த வருடம் என் மகள் ஒன்றாம் வகுப்பு. இரவில் அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு "அப்பா, இது என்ன சொல்லுங்கள்" என்று கேட்பாள். நீயே சொல் பார்க்கலாம் என்பேன். அவள் சொல்வதைப் பிடித்துக்கொள்வேன். நான் சோதிக்கிறேன் என்று அவள் நினைத்தாள். மூன்று மாதம் கழித்து ஒருநாள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியாது கண்ணு என்றேன். ஒன்றும் பேசாமல் பென்சிலை என் கையில் வைத்து, அவள் டீச்சர் செய்கிற மாதிரி என் கையைப் பிடித்து எழுதினாள்.

கீரனூர் அக்கா கேட்டார்கள், தாயையும் பிள்ளையையும் ஒன்றாக உட்காரவைக்கலாமா என்று. என் மகள்தான் எனக்கு ஆசிரியை. ஆனால் அது எங்கள் வீட்டுக்குள். பத்துப் பிள்ளைகள் பார்க்கும்படி என்னை உட்காரவைத்து, அ என்றால் அம்மா என்று சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். பெரியவர்களைத் தனியாக உட்காரவையுங்கள். குழந்தைப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள்.

ஐயா சொல்கிற கணக்கு எனக்குப் புரிகிறது. எனக்கு இப்போது நாற்பத்தொரு வயது. அடுத்த தலைமுறையில் சரியாகும் என்றால் நான் இன்னும் முப்பது வருடம் கண்ணாடி கொண்டு வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.


தர்மபுரி ஆசிரியை
ஜூன் 22, காலை 6.50

தம்பி, உங்கள் பதிவில் ஒரு பிழைகூட இல்லை. உங்கள் மகளின் ஆசிரியை யாரோ, அவர் கையைப் பிடித்து எழுதவைத்த பழக்கம் உங்கள் வீடு வரைக்கும் வந்திருக்கிறது.


கணக்குப் பார்க்கிறவன்
ஜூன் 22, இரவு 9.05

இரண்டு முறை பதில் எழுதி அழித்தேன். ஒரு தனிமனிதர் தன் நேரத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதில் என் கருத்து பெரிதாக மாறவில்லை. ஆனால் "தானாக மூடிவிடும்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மனிதர்கள் இறப்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்று இப்போதுதான் உறைத்தது. தம்பி மன்னிக்க வேண்டும்.

சகோதரி, வெள்ளெழுத்துக் கண்ணாடிகள் ஒன்று முதல் மூன்று வரை பல அளவுகளில் பன்னிரண்டு வாங்கி அனுப்புகிறேன். முகவரியைத் தனிமடலில் தாருங்கள். கண்ணில் வேறு நோய் இருக்கிறதா என்று ஒரு முறை அரசு மருத்துவமனையிலும் காட்டிவிடுங்கள்.


புதுவரவு
ஜூன் 23, பகல் 3.00

பெரியவர்கள் படிக்க, பெரிய எழுத்தில், சிறுபிள்ளைத்தனம் இல்லாத புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?


பழைய தொண்டர்
ஜூன் 23, இரவு 8.30

முதலில் பக்கத்தில் ஊர்ப்புற நூலகம் இருக்கிறதா என்று பாருங்கள். விடுதலைக்குப் பிறகு இந்தியாவிலேயே முதலில் 1948-ல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. ஊர்ப்புற நூலகம் இருந்தால் அதன் நூலகரோடு பழகிவிடுங்கள். ஆனால் முதல் ஆறு மாதத்துக்குப் புத்தகம் வேண்டாம் என்பது என் அனுபவம். வீட்டிலேயே எழுத்து கிடக்கிறது. நூறு நாள் வேலை அட்டை, மின் அட்டை, ரேஷன் அட்டை, மருந்துப் பட்டை, உர மூட்டை, திருமண அழைப்பிதழ். எங்கள் காலத்தில் இவ்வளவு அச்சு வீட்டுக்குள் வரவில்லை. இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை நிறைய இருக்கிறது, படிக்க ஆள் இல்லை.


கீரனூர்க்காரி
ஜூலை 27, இரவு 10.00

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் ஓடிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

பிள்ளைகள் ஐந்து முதல் ஏழு வரை. பெண்கள் ஏழே கால் முதல் எட்டே கால் வரை, வாரத்தில் நான்கு நாள். நடுவில் அந்தக் கால் மணி நேரம் மட்டும் இருவரும் சேர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் கதை படிக்கிறார்கள், தாய்மார்கள் கேட்கிறார்கள். யாரும் யாரையும் சோதிப்பதில்லை. ஒன்பது பேர் வந்தார்கள். இப்போது ஆறு பேர். ஒருவருக்கு மில் வேன் விடியற்காலை நாலரைக்கு வருகிறது, இரவில் கண் சொருகுகிறது. ஒருவர் வீட்டில் தடை. மூன்றாமவர் ஏன் நின்றார் என்று இன்னும் சொல்லவில்லை.

ஐந்தாம் வகுப்புப் பையன் கொம்பில்தான் நின்றான். அந்த டீச்சரம்மா நேரில் பார்த்ததுபோல எழுதியிருந்தார்கள். பத்து நாளில் கெ, கே, கை மூன்றும் வந்துவிட்டன. 'கொ' இன்னும் இடறுகிறது. நேற்று சின்னவர்களுக்கு நரிக் கதை படித்துக்காட்டினான். ஒரு பக்கம்தான். முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

கண்ணாடிகள் வந்தன. அப்பத்தாவுக்கு இரண்டரை பொருந்தியது. முதலில் அவர் பார்த்தது எழுத்தை அல்ல, தன் உள்ளங்கையை. இவ்வளவு கோடா என்றார். மறுநாள் பரணிலிருந்து பழைய சிலேட்டை எடுத்துக்கொடுத்தேன். ப வந்தது, ட வந்தது. எல்லாம் மறக்கவில்லை. பாதி உள்ளே கிடந்திருக்கிறது.

இந்த வாரம் துணைக்கால் பாடம். அவரவர் அட்டையில் துணைக்கால் எங்கே வருகிறது என்று தேடச் சொன்னேன். அப்பத்தாவின் பெயர் ராக்காயி. அட்டையை விரலால் தடவிக்கொண்டே போனவர் நிறுத்திவிட்டு, "இதில் ஒரு கால் குறைகிறது" என்றார். வாங்கிப் பார்த்தேன். 'ராக்கயி' என்று இருக்கிறது. எத்தனையோ ஆண்டுகளாக அந்த அட்டை என் கையிலும் அப்பா கையிலும் எத்தனை முறை புரண்டிருக்கிறது! படித்த நாங்கள் யாருமே பார்க்கவில்லை. இப்போது அதைத் திருத்தாமல் விடமாட்டேன் என்கிறார். நான் மனு எழுதித் தருகிறேன் என்றால் கேட்கவில்லை, தானே எழுத வேண்டுமாம். இவ்வளவு சீக்கிரம் அவரால் முழு மனு எழுத முடியுமா? என்ன செய்யலாம்?


பழைய தொண்டர்
ஜூலை 28, காலை 5.50

அவரே எழுதட்டும். மனு நீளமாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பெறுநர், ஊர், "என் பெயர் ராக்காயி. அட்டையில் தவறாக உள்ளது. திருத்தித் தரவும்." கீழே கையெழுத்து. நீங்கள் வேறு தாளில் பெரிதாக எழுதிவையுங்கள், அவர் பார்த்து எழுதட்டும். ஒரு நாளைக்கு ஒரு வரி போதும்.

கோடு போட்ட தாளாக நான்கைந்து வாங்கிவையுங்கள். முதல் இரண்டு கெட்டுப்போகும். சனிக்கிழமை காலை பஸ்ஸில் கீரனூர் வருகிறேன். மனு கொடுக்கப் போகும்போது நானும் கூட வர அவர் அனுமதிப்பாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.